பூச்சிச் சேர்மங்களும் தமனித் தடிப்பும்: டாக்கிங் மதிப்பெண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?

கயல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் மருந்தியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. பூச்சிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சேர்மங்களைக் கணினி வழியாகச் சலித்தெடுத்து, தமனித் தடிப்புக்கு உதவக்கூடியவை அவற்றுள் உண்டா என்று பார்ப்பதே என் ஆய்வேடு. வெளிவந்த கட்டுரைகளைப் புரட்டி 62 சேர்மங்களைத் தொகுத்திருக்கிறேன். கொப்புள வண்டின் கேந்தரிடின், பட்டுப்புழுவின் டிஆக்சிநோஜிரிமைசின், அரக்குப்பூச்சியின் லக்காயிக் அமிலம், தேன்மெழுகின் நீள்சங்கிலி ஆல்கஹால்கள், தேனீ நஞ்சின் மெலிட்டின், சிள்வண்டு கழற்றிப் போட்ட சட்டையில் கிடைக்கும் என்-அசிட்டைல்டோபமைன் இருமங்கள் (இரண்டு மூலக்கூறுகள் இணைந்தவை) ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாவதற்கு வழிவிடும் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் நொதியை இலக்காக எடுத்துக்கொண்டேன். புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைத் தொகுத்து வைத்திருக்கும் புரத வங்கியிலிருந்து 1எச்டபிள்யூகே என்ற கட்டமைப்பை இறக்கி, ஆட்டோடாக் வீனா என்ற நிரலில் டாக்கிங் ஓட்டினேன்; அதாவது, ஒரு மூலக்கூறு புரதத்தில் எங்கே, எவ்வளவு இறுக்கமாக அமரும் என்று கணிக்கச் செய்தேன். மதிப்பெண் பூச்சியத்துக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ, பிணைப்பு அவ்வளவு வலிது என்று பொருள். சிள்வண்டுச் சட்டையின் இருமம் ஒன்று −9.4 கிலோகலோரி காட்டியது. ஒப்பீட்டுக்காக ஓட்டிய அட்டோர்வாஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்துகளில் ஒன்று) −7.1 தான் காட்டியது. 'அட்டோர்வாஸ்டாட்டினை விஞ்சும் பூச்சிச் சேர்மம்' என்று தலைப்பிட்டுக் கட்டுரையாக அனுப்பிவிடலாம் என்று வழிகாட்டி சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கே தவறியிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

வேதிக்கூடம்

மனம் ஒப்பாமல் போனது நல்லதுதான், கயல். பூச்சிச் சேர்மத்தின் மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். அட்டோர்வாஸ்டாட்டினுக்குக் கிடைத்த −7.1 தான் என்னை உறுத்துகிறது. நானோமோலார் என்ற மிகக் குறைந்த செறிவிலேயே அந்த நொதியை நிறுத்தும் மருந்து அது. உங்கள் கணக்கு அதற்கு இவ்வளவு குறைவாக மதிப்பெண் போடுகிறது என்றால் கணக்கைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

மூன்று கேள்விகள் கேட்கிறேன். நீங்கள் எடுத்த 1எச்டபிள்யூகே, அட்டோர்வாஸ்டாட்டின் நொதிக்குள் அமர்ந்திருக்கும் நிலையிலேயே எடுக்கப்பட்ட படிகக் கட்டமைப்பு. இஸ்த்வானும் டைசன்ஹோஃபரும் 2001-இல் வெளியிட்ட தொகுதியைச் சேர்ந்தது. அப்படியானால், அந்த மூலக்கூறை வெளியே எடுத்துவிட்டு மறுபடியும் டாக்கிங் செய்தபோது அது பழைய இடத்திலேயே வந்து அமர்ந்ததா? இது முதல் கேள்வி. நிரல் தேட வேண்டிய இடத்தைக் குறிக்கும் பெட்டியின் மையத்தை எங்கே வைத்தீர்கள், எவ்வளவு அகலம் கொடுத்தீர்கள் என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் முக்கியம்: அந்தக் கோப்பில் ஏ, பி, சி, டி என நான்கு புரதச் சங்கிலிகள் இருக்கும், அவற்றில் எத்தனையை வைத்துக்கொண்டீர்கள்?

கயல்

ஐயா, ஏ சங்கிலியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும், தண்ணீர் மூலக்கூறுகளையும் நீக்கிவிட்டேன். இணையத்தில் உள்ள பயிற்சிக் காணொளிகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் செய்கிறார்கள். பிணைப்பிடம் எது என்று உறுதியாகத் தெரியாததால் புரதம் முழுவதையும் மூடும்படி பெட்டியைப் பெரிதாக வைத்தேன். மறு டாக்கிங் செய்து பார்க்கவில்லை.

வேதிக்கூடம்

அங்கேதான் பிழை. எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸின் செயல்மையம் ஒரே சங்கிலிக்குள் அடங்கிய குழி அன்று. இரண்டு சங்கிலிகள் ஒன்றோடொன்று பொருந்தும் எல்லையில், இரண்டின் அமினோ அமிலங்களும் சேர்ந்துதான் அந்த இடத்தை உருவாக்குகின்றன. ஏ சங்கிலியை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு சுவர் இடிந்த அறையில் மருந்தை உட்காரவைத்தது போலாகிவிடும். அட்டோர்வாஸ்டாட்டினுக்குப் பிடிமானம் பாதி போய்விட்டது. உங்கள் சிள்வண்டு இருமமோ, இயற்கையில் அடுத்த சங்கிலி வந்து மூடிவிடும் ஒரு பள்ளத்தில், இப்போது அது திறந்து கிடப்பதால், போய் அமர்ந்திருக்கக்கூடும். பெட்டியைப் புரதம் முழுவதற்கும் விரித்ததனால் அப்படி ஒரு பள்ளம் அதற்கு எளிதாகவே கிடைத்திருக்கும்.

இரண்டு சங்கிலிகளையாவது வைத்துக்கொண்டு, படிகத்தில் ஸ்டாட்டின் இருந்த இடத்தை மையமாகக் கொண்டு சிறு பெட்டி போட்டு மீண்டும் ஓட்டுங்கள். மறுபடி அமரும் நிலை படிக நிலையிலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) விலகியிருந்தால் அமைப்பு சரி என்று கொள்வது வழக்கம். அந்தச் சோதனை தேறும் வரை 62 சேர்மங்களில் ஒன்றைக்கூட ஓட்ட வேண்டாம்.

ஊசித்தும்பி

பூச்சியியல் படித்தவன் என்ற முறையில் பட்டியலைப் பற்றிச் சில சொல்கிறேன். கணினி எந்தக் குறையையும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும் இடம் அதுதான். 'பூச்சியிலிருந்து பிரித்தது' என்பதும் 'பூச்சி உருவாக்கியது' என்பதும் ஒன்றல்ல.

பட்டுப்புழுவின் டிஆக்சிநோஜிரிமைசினை எடுத்துக்கொள்ளுங்கள். அது முசுக்கொட்டை இலையில் உள்ள பொருள். புழு அந்த இலையைத் தின்று தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் உடலில் இதயத்தைத் தாக்கும் கார்டினோலைடுகள் காணப்பட்டால் அவை எருக்கின் சொத்து. பறவை தன்னைத் தின்னாமல் இருப்பதற்காகப் பூச்சி அவற்றை இரவல் வாங்கி வைத்திருக்கிறது. பீடரஸ் என்ற சிறு வண்டு தோலில் பட்டால் கொப்புளம் போடும் பீடரினை, அதன் உடலில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா உருவாக்குகிறது. கேந்தரிடின் கதை வேறு: அதைக் கொப்புள வண்டே ஆக்குகிறது, ஆண் வண்டு புணர்ச்சியின்போது அதைப் பெண் வண்டுக்குக் கொடுக்கிறது, பெண் வண்டு தன் முட்டைகளின் பாதுகாப்புக்குப் பயன்படுத்துகிறது. இந்த வேறுபாடுகளை ஆய்வேட்டில் ஒரு தனி நிரலாகக் கொடுங்கள். நாளை ஒருவர் அந்தச் சேர்மத்தை உண்மையில் சேகரிக்க முனைந்தால் பூச்சியை வளர்ப்பதா, செடியை வளர்ப்பதா, பாக்டீரியாவை வளர்ப்பதா என்பதை அந்த நிரல்தான் சொல்லும்.

இன்னொன்று. சிள்வண்டுச் சட்டையில் உள்ள என்-அசிட்டைல்டோபமைன் வகைச் சேர்மங்கள் சிள்வண்டுக்கே உரியவை அல்ல. பூச்சிகள் தோலுரித்தவுடன் மெத்தென்றிருக்கும் புதுத் தோலை இறுக்குவதற்கு இந்த வகைப் பொருளைத்தான் பயன்படுத்துகின்றன. அது ஆக்சிஜனேற்றமடைந்து குவினோனாகி, அருகிலுள்ள புரதங்களைப் பற்றிப் பிணைத்து, தோலைக் கெட்டியாக்குகிறது. வெள்ளையாகக் காணப்படும் கரப்பான் சில மணி நேரத்தில் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த வேலைதான்.

வேதிக்கூடம்

ஊசித்தும்பி ஐயா சொன்ன கடைசிச் செய்தி உயிரியல் குறிப்பு போலத் தெரிந்தாலும் வேதியியல் எச்சரிக்கையும் அதுவே. கண்ணில் படும் புரதத்தையெல்லாம் பற்றிக்கொள்வதுதான் அந்த மூலக்கூறின் பிறவித் தொழில். அதில் உள்ள கேட்டகால் அமைப்பு, பெய்ல், ஹாலோவே இருவரும் 2010-இல் தொகுத்த தொல்லைதரும் சேர்மங்களின் வகைகளுள் ஒன்று. சோதனைக் குழாயில் எந்த நொதியை வைத்தாலும் அது தடுப்பது போலக் காட்டும். மருந்தாக்கும் தகுதி அதனால் வந்துவிடாது. லக்காயிக் அமிலமும் ஆந்த்ரகுவினோன் குடும்பம் என்பதால் அதே வரிசையில்தான் நிற்கிறது.

டாக்கிங் நிரல் இதை அறியாது. மூலக்கூறு மாறாமல் அப்படியே இருக்கும், வேதிவினை எதுவும் நடக்காது என்று வைத்துக்கொண்டுதான் வீனா கணக்கிடுகிறது. கேந்தரிடினில் இதற்கு நேர்மாறான சிக்கல்: அதன் அன்ஹைட்ரைடு வளையம் நீரில் திறந்து அமிலமாகி, புரத பாஸ்பட்டேஸ் நொதியின் உலோக அயனிகளைப் பற்றுகிறது. மூடிய வளையத்தை வைத்து டாக்கிங் செய்தால் உடலில் உண்மையில் வேலை செய்யும் வடிவத்தை நீங்கள் சோதிக்கவே இல்லை என்று பொருள். மெலிட்டினைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 26 அமினோ அமிலங்கள் கொண்ட, எல்லாப் பக்கமும் வளையும் பெப்டைடை வீனாவில் போடுவது கயிற்றைப் பூட்டுக்குள் திணித்துச் சாவி என்பதற்கு ஒப்பாகும். மேலும் அது சிவப்பணுக்களை உடைக்கும் நஞ்சு.

மூலிகைநேசன்

நான் சித்த மருத்துவம் பயில்பவன். தாது, தாவரம், சீவம் என்று மூவகை மூலப்பொருட்களைச் சொல்லும் மரபில் சீவப் பொருட்களைக் கணினியில் ஆராய்ந்தவர் மிகக் குறைவு. தாவரங்களுக்குச் சென்னைக் கணித அறிவியல் கழகத்தார் உருவாக்கிய இம்பாட் தரவுத்தளம் இருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பில் 4,010 இந்திய மூலிகைகளும் 17,967 தாவரச் சேர்மங்களும் உள்ளன. பூநாகம், தம்பலப்பூச்சி, அட்டை, அரக்கு ஆகியவற்றுக்கு அப்படி ஒன்று இல்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. கயல் இவற்றையும் பட்டியலில் சேர்க்கலாமே?

ஊசித்தும்பி

சேர்க்கலாம், ஆனால் தலைப்பை மாற்ற வேண்டியிருக்கும். பூநாகம் மண்புழு, அட்டையும் வளையப் புழுக்களைச் சேர்ந்தது, சங்கப் பாடல்கள் மூதாய் என்று பாடும் தம்பலப்பூச்சிக்குக் கால்கள் எட்டு, அது உண்ணியின் இனம். நீங்கள் சொன்னவற்றுள் அரக்கு மட்டுமே பூச்சி தந்தது. தேளும் பூரானும் அப்படியே விலகிவிடும்.

ரத்தக்குழாய் தொடர்பாகப் பூச்சிகளிடம் தேடுவதென்றால், நானாக இருந்தால் ரத்தம் குடிக்கும் பூச்சிகளிடம்தான் தொடங்குவேன். கொசுவுக்கும் தென் அமெரிக்க ரோட்னியஸுக்கும் நம் ரத்தம் உறையாமலும் குழாய் சுருங்காமலும் பார்த்துக்கொள்வது வாழ்வா சாவா என்ற பிரச்சினை. ரோட்னியஸின் உமிழ்நீரில் உள்ள நைட்ரோபோரின் புரதங்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுமந்து வந்து கடித்த இடத்தில் விட்டுக் குழாயை விரிக்கின்றன. அனோபிலிஸ் கொசுவின் அனோபிலின், ரத்தத்தை உறையவைக்கும் திராம்பினைத் தடுக்கிறது. ஏடிஸ் கொசுவின் ஏஜிப்டின் என்ற புரதம் கொலாஜனைப் பற்றிக்கொண்டு தட்டணுக்கள் அதில் ஒட்டாமல் செய்கிறது. இவை கோடிக்கணக்கான ஆண்டுகள் பாலூட்டிகளின் ரத்தத்திலேயே சோதிக்கப்பட்டவை.

வேதிக்கூடம்

உண்மைதான். பெரிய புரதத்தை அப்படியே மருந்தாக்க முடியாவிட்டாலும் அதன் பற்றும் பகுதியைப் பார்த்துச் சிறு மூலக்கூறு வடிவமைக்கலாம். சுருட்டை விரியனின் நஞ்சுப் புரதத்தைப் பார்த்து டைரோஃபிபான் என்ற தட்டணு எதிர்ப்பு மருந்து வந்தது அப்படித்தான். பூச்சி உலகில் அதற்கு இணையான வெற்றி இன்னும் வரவில்லை.

நாடித்துடிப்பு

இதய மருத்துவர் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். உறைதலைத் தடுப்பதும் தமனித் தடிப்பைக் குறைப்பதும் வேறு வேறு வேலைகள். தமனிப் படிவு என்பது தண்ணீர்க் குழாயின் உட்புறத்தில் ஒட்டிய உப்புப் படலம் போன்றது அன்று. கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் துகள்கள் குழாயின் உள்ளுறையைக் கடந்து சுவருக்குள் சிக்கி, அவற்றை விழுங்க வந்த வெள்ளணுக்கள் கொழுப்பேறி நுரைச் செல்களாகி, அதைச் சுற்றி அழற்சியும் தசைச் செல்களும் நார்ப்பொருளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உருவாகும் புண் அது. அது வெடிக்கும் நாளில்தான் உறைகட்டி வருகிறது. ஆகவே கொசுவின் உமிழ்நீர் கடைசி அரை மணி நேரத்துக்கு உதவலாம். அதற்கு முந்தைய 30 ஆண்டுகளுக்கு உதவாது.

கயலிடம் ஒரு கேள்வி: ஏன் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ்? அந்தக் கதவை அகிரா எண்டோ 1970-களிலேயே திறந்துவிட்டார். சான்கியோ நிறுவனத்தில் ஏறக்குறைய 6,000 நுண்ணுயிர்களைச் சோதித்து, பெனிசிலியம் சிட்ரினம் என்ற பூஞ்சையில் காம்பாக்டினைக் கண்டார். 1987-இல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று என் நோயாளிகளுக்கு அந்த மருந்துகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஸ்டாட்டின் முறையாகச் சாப்பிட்டு எல்டிஎல் குறைந்த பிறகும் மீண்டும் மாரடைப்போடு வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதுதான் எங்கள் பிரச்சினை. அங்கே அழற்சி ஒரு வழி. கண்வலிக்கிழங்கு என்று நம் உழவர்கள் பயிரிடும் செங்காந்தளில் உள்ள கோல்ச்சிசினைக் குறைந்த அளவில் கொடுத்தபோது, 2020-இல் வெளியான 5,522 பேர் கொண்ட ஆய்வில் இதய நிகழ்வுகள் குறைந்தன. 2023-இல் அமெரிக்காவில் இந்தப் பயனுக்கு ஒப்புதலும் கிடைத்தது. மாரடைப்பு வந்தவுடனே தொடங்கிப் பார்த்த இன்னொரு பெரிய ஆய்வில் பயன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கீல்வாதத்துக்குக் கொடுத்துப் பழகிய மருந்து என்பதால்தான் அதை இதயத்துக்குச் சோதிக்கும் எண்ணமே பிறந்தது. யாரும் டாக்கிங் செய்து அதைக் கண்டுபிடிக்கவில்லை.

மூலிகைநேசன்

பூச்சிகள் கலந்த மருந்தும் மனிதரிடம் சோதிக்கப்பட்டிருக்கிறதே, ஐயா. சீனாவின் தாங்சின்லுவோ மாத்திரையில் சிள்வண்டுச் சட்டையும் ஒரு கரப்பான் இனமும் உண்டு. 2023-இல் ஜாமா இதழில் அதன் முடிவுகள் வந்தன.

நாடித்துடிப்பு

வந்தன; நானும் அதைக் கவனமாகப் படித்தேன். கடும் மாரடைப்பு வந்த ஏறத்தாழ 3,800 பேரிடம், வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 30 நாட்களில் பெரும் பாதிப்புகள் மருந்து எடுத்தவர்களில் 3.4 விழுக்காடும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 5.2 விழுக்காடும் இருந்தன. தள்ளிவிடக் கூடிய முடிவு அன்று. ஆனால் அந்த மாத்திரையில் அட்டை, தேள், பூரானும் தாவரப் பொருட்களும் சேர்ந்திருக்கின்றன. எந்தச் சேர்மம் வேலை செய்தது என்பது அதிலிருந்து தெரியாது. சிள்வண்டின் ஒரு மூலக்கூறுக்கு வக்காலத்து வாங்க அந்த ஆய்வைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

எதிர்ப்பக்க எடுத்துக்காட்டு ஒன்றும் சொல்கிறேன். கயலின் பட்டியலில் உள்ள தேன்மெழுகு ஆல்கஹால்களுக்கு நெருங்கிய உறவான, கரும்பு மெழுகிலிருந்து எடுத்த பாலிகோசனால் எல்டிஎல்லை வெகுவாகக் குறைக்கிறது என்று கியூபாவிலிருந்து வரிசையாகக் கட்டுரைகள் வந்தன. 2006-இல் ஜெர்மனியில் 143 பேரிடம் 10 முதல் 80 மில்லிகிராம் வரை கொடுத்து, போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரு வேறுபாடும் தென்படவில்லை.

அலைகடல்

நான் அறிவியல் படித்தவன் அல்லன். என் தந்தைக்குச் சென்ற ஆண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பட்டுப்புழுவிலிருந்து எடுத்த செர்ரேஷியோபெப்டிடேஸ் மாத்திரை தமனி அடைப்பைக் கரைத்துவிடும், ஸ்டாட்டினை நிறுத்திவிடலாம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. பட்டுக்கூட்டைக் கரைத்துப் புழு வெளியே வருவது போல என்று படமும் போட்டிருக்கிறார்கள். உண்மையா?

நாடித்துடிப்பு

தம்பி, தந்தையின் ஸ்டாட்டினையும் தட்டணு எதிர்ப்பு மருந்தையும் எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு அந்த மருந்துகளை விடுவது உயிருக்கு ஆபத்து.

அந்த நொதியை உருவாக்குவது புழு அன்று. பட்டுப்புழுவின் குடலில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியா. பல் பிடுங்கினால், அடிபட்டு வீங்கினால் கொடுக்கும் வலி மாத்திரைகளோடு சேர்த்து நம் கடைகளில் நெடுங்காலமாக விற்கப்படுகிறது. அது பிறந்த ஜப்பானிலேயே, போலி மாத்திரையோடு ஒப்பிட்ட மறுஆய்வில் வேறுபாடு தெரியாமல் போனதால் 2011-இல் விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. தமனிப் படிவைக் கரைக்கும் என்பதற்கு நம்பத்தக்க மனித ஆய்வு ஏதும் கிடையாது. படிவு குழாய்ச் சுவருக்குள் இருக்கிறது என்று மேலே சொன்னேன். கூட்டைக் கரைக்கும் உவமை அங்கே செல்லாது.

கயல்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சங்கிலிகளோடு மீண்டும் ஓட்டினேன். முதலில் பழைய முடிவைத் திரையில் திறந்து பார்த்தேன்: வேதிக்கூடம் ஐயா சொன்னபடியே, சிள்வண்டு இருமம் செயல்மையத்தின் பக்கமே போகவில்லை, நான் நீக்கிய பி சங்கிலி இருந்திருக்க வேண்டிய இடத்தில் கிடந்தது. இரண்டு வாரமாக அந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, மூலக்கூறு எங்கே அமர்ந்திருக்கிறது என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை என்பது வெட்கமாக இருக்கிறது. இப்போது அட்டோர்வாஸ்டாட்டின் படிக நிலையிலிருந்து 1.6 ஆங்ஸ்ட்ராம் விலகலில் அமர்கிறது. அதன் மதிப்பெண் −8.6, இருமத்தின் மதிப்பெண் −8.2. இன்னும் நெருக்கமாகத்தானே இருக்கிறது?

வேதிக்கூடம்

வீனாவை உருவாக்கியவர்களே தங்கள் கட்டுரையில் கொடுத்த நியமப் பிழை 2.85 கிலோகலோரி. அறை வெப்பநிலையில் 1.36 கிலோகலோரி மாறினால் பிணைப்பு வலிமை பத்து மடங்கு மாறும். அதாவது பிழை எல்லைக்குள்ளேயே நூறு மடங்குக்கும் மேலான வேறுபாடு ஒளிந்திருக்கலாம். −8.6, −8.2 இரண்டையும் வைத்து எது மேல், எது கீழ் என்று ஒரு சொல்லும் சொல்ல முடியாது. பெரிய மூலக்கூறுகளுக்குத் தொடும் இடம் அதிகம் என்பதால் மதிப்பெண் தானாகவே கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதனால் டாக்கிங்கே வீண் என்று நினைத்துவிடக் கூடாது. 2019-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில் பத்து கோடிக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை டோபமைன் டி4 ஏற்பி என்ற புரதத்தில் டாக்கிங் செய்தார்கள். அதில் 549-ஐச் செய்து, சோதித்து, நானோமோலாரினும் குறைந்த பிகோமோலார் அளவில் பற்றும் ஒன்றைக்கூடக் கண்டார்கள். மதிப்பெண் நன்றாக வந்தவற்றை மட்டுமல்லாமல் நடுவிலும் அடியிலும் வந்தவற்றையும் சோதித்து, தங்கள் கணக்கு எந்த அளவுக்குப் பிரித்தறிகிறது என்று அளந்ததுதான் அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த பகுதி. உங்களிடம் 62 தான் இருக்கின்றன; எனவே ஒவ்வொன்றுக்கும் அதே எடையும் அதே மின்சுமையும் கொண்ட போலிச் சேர்மங்கள் சிலவற்றைக் கலந்து, தெரிந்த ஸ்டாட்டின்களையும் போட்டு ஓட்டுங்கள். ஸ்டாட்டின்கள் மேலே வராமல் போலிகள் மேலே வந்தால் அந்த இலக்கில் இந்த முறை செல்லாது என்று எழுதிவிடுங்கள். அதுவும் ஆய்வேட்டுக்குப் போதுமான முடிவே.

கயல்

அப்படியே செய்கிறேன், ஐயா. தலைப்பிலிருந்து 'விஞ்சும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஒரு சங்கிலியோடும் இரண்டு சங்கிலிகளோடும் கிடைத்த தரவரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முழு அதிகாரம் எழுதப் போகிறேன். வழிகாட்டியிடம் இந்த இழையைக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, போலிச் சேர்மங்களின் பட்டியலைத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார். ஊசித்தும்பி ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: சேர்மத்தை உருவாக்குவது பூச்சியா, செடியா, நுண்ணுயிரா என்ற நிரலில் 62-இல் 19-க்கு என்னால் விடை காண முடியவில்லை. பட்டியலைத் தனிமடலில் அனுப்பலாமா?

ஊசித்தும்பி

அனுப்புங்கள், அம்மா. எந்தக் கட்டுரையில் எந்த இனத்திலிருந்து, உயிருள்ள பூச்சியா, கடையில் வாங்கிய உலர்ந்த பூச்சியா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உலர்ந்த பூச்சி என்றால் அதில் வளர்ந்த பூஞ்சையின் சேர்மமும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு.